ஆறுதல் பரிசு

முட்டியின் எக்ஸ்ரே படத்தை
வீசிவிட மனசு வரவில்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
பினாங்குப் பாலம் மாதிரியே இருந்தது,
நடுவில் கொஞ்சம் தேய்ந்து.

அப்படித்தான் ஆரம்பம்.
அறுபத்து மூன்று வயது,
ஒரு பழைய காலண்டர் அட்டை,
ஒரு பாட்டில் கம்,
குளுகோர் ஃப்ளாட்டில் ஒன்பதாம் மாடிச் சாப்பாட்டு மேசை.

கடலுக்கு நீலம் வாங்கக் கடைக்குப் போகவில்லை.
மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளே போதும்.
பிரஷர் மாத்திரை சின்ன அலை,
சர்க்கரை மாத்திரை பெரிய அலை.
மேகத்துக்குக் கோப்பி வடிகட்டிய துணி.
சூரியனுக்கு அப்பளம் வைத்தேன்.
மூன்றே நாளில் எறும்பு பாதியைத் தின்றுவிட்டது.
படத்துக்குக் கிரகணம் என்று பேர் போட்டேன்.

எதிர் வீட்டு கூய் லான்
ஏழாம் மாதப் பூசையில் மிஞ்சிய
தங்கத்தாள் ஒரு கட்டு கொண்டு வந்தாள்.
பேய்களுக்குச் சேர வேண்டிய காசாயிற்றே,
நான் ஒட்டினால் கோபிக்காதா என்றேன் மலாயில்.
கடன் கேட்டு வந்தால்
உன் வீட்டுக் கதவைக் காட்டுகிறேன் என்றாள்.
அதில்தான் கெக் லோக் சீ கோபுரம்.
கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

சாய்ந்ததைப் பார்த்தால்
இன்னமும் என் கை பக்கத்தில் எதையோ தேடும்.
சிவப்புத் தட்டு.
பாயான் லெப்பாஸில் முப்பத்தோரு வருஷம்
மைக்ரோஸ்கோப்பில் குனிந்து சில்லு பார்த்தவள் நான்.
மயிரிழை விலகினாலும் தட்டுக்குப் போகும்.
நைட் ஷிஃப்டில் தூங்கி விழுந்தபோதும்
ஒரு கோணலைக்கூட விட்டதில்லை.
இப்போது கத்தரிக்கோல் தவறி
எங்கேயோ வெட்டிவிடுகிறது.
படகு செய்யப் போனால் கோழி வருகிறது.
கோழியைக் கடலில் விட்டேன்.
நீந்துகிறது.

வீட்டுக்காரர் பேர் சன்னாசி.
பேர்தான் சன்னாசி,
வாரம் மூன்று நாள் நம்பர் எடுப்பார்.
போன ஞாயிறு ராத்திரி
சட்டைப் பை, பர்ஸ், பேப்பர் கட்டு,
ஃப்ரிட்ஜின் மேல், ஃப்ரிட்ஜின் அடியில்.
ஏழு பூஜ்யம் ஒன்று ஆறு.
விற்றுவிட்ட பழைய ஹோண்டாவின் நம்பர்.
இருபது வருஷமாய் விடாமல் எடுத்த நம்பர்.
ஆறுதல் பரிசு விழுந்திருக்கு பாக்கியம்,
அறுபது வெள்ளி, டிக்கெட் எங்கே?

நான் வாயைத் திறக்கவில்லை.
கண் மட்டும் மேசைப் பக்கம் போய்விட்டது.

பட்டர்வொர்த் போகும் ஃபெரி.
அதன் மேல்தட்டில்
தலைகீழாக, கம் காய்ந்து, கண்ணாடி போல மினுங்கி
ஆறு ஒன்று பூஜ்யம் ஏழு என்று
அவர் வாய்விட்டுப் படித்தார்.

கத்தி எடுத்து வந்தார்.
கத்தி வேண்டாம், கிழிந்துவிடும் என்று
ஃபேக்டரி இடுக்கியை நானே எடுத்துக் கொடுத்தேன்.
ஒரு மூலையை நிமிண்டினார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.
இன்னும் கிட்டே குனிந்தார்.
நான் முப்பத்தோரு வருஷம் குனிந்த மாதிரியே.

இதென்ன, கோழியா?
ஆமாம்.
ஃபெரியில் நிற்கிறது யார்?
நீங்கதான். பொத்தான்.
எந்தச் சட்டைப் பொத்தான்?
அதையும் சொல்லவில்லை.
அலமாரியைத் திறந்து
கல்யாணச் சட்டையை வெளியே எடுத்து
கழுத்துக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தார்.
இரண்டாவது பொத்தான் இல்லை.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை.
கீழே ரொட்டி சானாய் கடை
ஷட்டர் இறக்குவது மட்டும் கேட்டது.

பிறகு பென்சில் கேட்டார்.
படத்தைத் திருப்பி
அட்டையின் பின்னால் எழுதினார்:
அறுபது வெள்ளி. பேரம் கிடையாது.

இன்றைக்குப் பாலத்தில் வண்டி விட வேண்டும்.
அவருடைய பழைய கைக்கடிகாரம்
ஓடாமல் டிராயரில் கிடக்கிறது.
உள்ளே அவ்வளவு சக்கரங்கள்.
கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
இடுக்கி கையில்.